டெங்கு காலத்து ஃபார்வர்டுகள்: வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கொஞ்ச நாளில் காய்ச்சல் வரும். காய்ச்சலோடு ஃபார்வர்டுகளும் வரும். பப்பாளி இலைச் சாறு, ஆட்டுப்பால், கிவிப் பழம், “மருத்துவமனைகள் மறைக்கும் ரகசியம்” என்று ஒவ்வொரு வருடமும் அதே வரிசை. அனுப்புகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பாசத்தில்தான் அனுப்புகிறார்கள். நமக்குத் தெரிந்த, நம் மேல் அக்கறை உள்ள ஒருவர் அனுப்புகிறார் என்பதால்தான் அதைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை.

2017இல் தமிழ்நாட்டில் அரசுக் கணக்குப்படி 23,294 பேருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள். இந்த நோயை நேரத்தோடு கண்டுபிடித்து, உடம்பின் நீர்ச்சத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் இறப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நேரத்தைத்தான் தவறான செய்தி நம்மிடமிருந்து பறிக்கிறது. ஒரு டம்ளர் சாற்றால் வரும் கெடுதலைவிட, “சாறு கொடுத்தாச்சு, நாளைக்குப் பார்க்கலாம்” என்று போகும் ஒரு நாள்தான் ஆபத்து.

இந்த வழிகாட்டிக்கு டெங்குவை மையமாக எடுத்துக்கொள்கிறேன். கோவிட் காலத்தில் நடந்தவற்றையும் அங்கங்கே சொல்வேன், ஏனென்றால் ஆய்வுகள் எப்படித் தவறிப் போகும், எப்படித் திருத்தப்படும் என்பதை உலகமே நேரில் பார்த்தது அப்போதுதான்.

படி 1: முதலில் நோயாளியைப் பாருங்கள், செய்தியை அப்புறம் பார்க்கலாம்

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கும்போது செய்தி வந்தால், அது உண்மையா என்று ஆராய்வது இரண்டாவது வேலை. டெங்குவின் போக்கு தெரிந்திருந்தால் பாதி ஃபார்வர்டுகள் தாமாகவே உதிர்ந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காய்ச்சல் இரண்டு முதல் ஏழு நாள் வரை அடிக்கும். உடம்புவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி எல்லாம் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் “விட்டுடுச்சு” என்று மூச்சு விடுகிற அந்த நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. இந்த ஆபத்துக் கட்டம் ஒன்றிரண்டு நாள் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் கசிந்த நீர் திரும்ப ரத்தத்துக்குள் வரும், தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள்) தாமாக ஏறும், பசி எடுக்கும்.

ஆக, காய்ச்சல் இறங்கும் நாளில் கவனிக்க வேண்டியவை: கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டுப் போவது, அளவுக்கு மீறிய சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, நான்கிலிருந்து ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராமல் இருப்பது. இதில் எது இருந்தாலும் போனைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எந்தக் கஷாயம் நல்லது என்ற விவாதத்துக்கு அப்போது இடமில்லை.

லேப் ரிப்போர்ட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தட்டணு எண்ணிக்கை இருக்கும் வரியைத்தான் தேடுவார்கள். அதே தாளில் சில வரிகள் மேலே பி.சி.வி. அல்லது ஹெச்.சி.டி. என்று ஒரு வரி இருக்கும். ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதன் அளவு அது. நேற்று 36, இன்று 43, கூடவே தட்டணு 1.10 லட்சத்திலிருந்து 60 ஆயிரத்துக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் வெளியே கசிகிறது, அதனால் ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். தட்டணுவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் இதைத் தவறவிட்டுவிடும். இரண்டு நாள் ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப் போய் மருத்துவரிடம் அந்த இரண்டு வரிகளையும் காட்டிக் கேளுங்கள்.

படி 2: செய்தியைத் துண்டு துண்டாக உடையுங்கள்

வழக்கமாக வரும் செய்தி ஒன்று இப்படி இருக்கும்:

“டெங்கு காய்ச்சலா? கவலை வேண்டாம்! பப்பாளி இலைச் சாறு குடித்தால் 24 மணி நேரத்தில் தட்டணுக்கள் இரு மடங்காகும். வெளிநாட்டு விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டனர். மருத்துவமனைக்குப் போனால் லட்சக்கணக்கில் செலவு. உங்கள் ஒரு பகிர்வு ஒரு உயிரைக் காக்கும்.”

மொத்தமாகப் படித்தால் இது ஒரே விஷயம் மாதிரி தெரியும். உடைத்துப் பார்த்தால் நான்கு: சாறு தட்டணுவை ஏற்றும், அது 24 மணி நேரத்தில் நடக்கும், ஆய்வில் நிரூபணமாகியிருக்கிறது, அதனால் மருத்துவமனை தேவையில்லை. முதல் துண்டில் ஓரளவு உண்மை இருக்கலாம். மூன்றாவதில் ஏதோ ஒரு ஆய்வின் நிழல் இருக்கும். நான்காவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் முதல் துண்டின் மேல் இருக்கும் நம்பிக்கை நான்காவது வரைக்கும் ஒட்டிக்கொண்டு போகிறது. சோதிக்கும்போது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கடைசித் துண்டுதான்.

படி 3: யார், எங்கே, எப்போது

செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. முதலில் எழுதியவர் யாரென்று உங்களுக்கு அனுப்பியவருக்கும் தெரியாது. பெயரில்லாத “ஒரு பிரபல டாக்டர்” பேசும் ஆடியோவை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். பெயர் இருந்தால் பெயரையும் மருத்துவமனையையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். படமாக வந்தால் கூகுள் லென்ஸில் போடுங்கள். வேறு நாட்டில், வேறு வருடத்தில் எடுத்த படமாக இருப்பது சாதாரணம்.

தேதி இல்லாத செய்தி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். “நாளை முதல் பள்ளிகளில்” என்று தொடங்கும் செய்தி எத்தனை வருடம் கழித்தும் புதிதாகவே தெரியும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடும் பெரிய முகாம் தொடங்கியது. கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களிலும் அப்போதே தொடங்கியது. தடுப்பூசியால் பிள்ளைகளுக்குப் பாதிப்பு வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளைப் பார்த்துப் பல பெற்றோர் பள்ளிக்கு ஒப்புதல் கொடுக்கவில்லை. அந்த மாதக் கடைசியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் நடுவரை நீட்டிக்க வேண்டி வந்தது. ஆனால் கிட்டத்தட்ட அதே ஊசியைத்தான் தனியார் மருத்துவமனைகளில் காசு கொடுத்துப் பல வருடங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். “இந்த ஊசி இதற்கு முன் எங்கே, யாருக்குப் போடப்பட்டது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் பல வீடுகளில் பயம் தெளிந்திருக்கும்.

படி 4: ஆய்வு எங்கே நடந்தது? குடுவையிலா, மனிதரிலா?

“ஆய்வில் நிரூபணம்” என்று வந்தால் அந்த ஆய்வைத் தேடிப் பிடிக்க முடியும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் என்ற இலவசத் தளத்தில் ஆங்கிலத்தில் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மூலிகை என்றால் அதன் அறிவியல் பெயரைப் போட வேண்டும். பப்பாளிக்கு காரிகா பப்பாயா. பக்கத்தின் இடது புறத்தில் ஆய்வு வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தாலே போதும், அது செல்களில் நடந்ததா, எலியில் நடந்ததா, மனிதரில் நடந்ததா என்று தெரிந்துவிடும்.

ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக் கொல்லி மருந்தின் கதையை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இந்த மருந்து கொரோனா வைரஸைப் பெருமளவு குறைத்ததாகச் சொன்னார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் செல்களின் மேல் ஊற்றிய செறிவு, வழக்கமான மாத்திரை அளவில் மனித ரத்தத்தில் சேர்வதைவிடப் பல மடங்கு அதிகம். அப்புறம் எகிப்திலிருந்து ஒரு முன்பிரசுரக் கட்டுரை, அதாவது மற்ற நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே இணையத்தில் ஏற்றிய கட்டுரை, இந்த மருந்தால் இறப்பு வெகுவாகக் குறைந்ததாகச் சொன்னது. அதன் தரவுகளில் கடுமையான குளறுபடிகள் இருப்பதாகப் புகார் எழுந்து, 2021 ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதத்தில், கோவா அரசு 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஐவர்மெக்டின் கொடுக்கப்போவதாக அறிவித்திருந்தது. 2022இல் பிரேசிலில் 1,358 நோயாளிகளிடம் நடந்த முறையான சோதனையில், மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையை இந்த மாத்திரை குறைக்கவில்லை என்று தெரிந்தது.

நிலவேம்புக் குடிநீரையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களுக்கு எதிராக அது செயல்படுவதாக ஆய்வகத்தில் முடிவுகள் வந்திருக்கின்றன. ஆராய்ச்சியைத் தொடர அது நல்ல காரணம். டெங்கு நோயாளியைக் காப்பாற்றும் என்று சொல்ல அது போதாது. 2017இல் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வதந்தி கிளம்பியது: நிலவேம்பு குடித்தால் ஆண்மை போய்விடும் என்றார்கள். நம் மரபு மருத்துவத்தின் மேல் மதிப்பு இருக்கிறவர்கள் இரண்டு வகைப் பேச்சுக்கும் ஆதாரம் கேட்க வேண்டும். சித்த மருத்துவத்தை நேர்மையாகச் சோதித்துப் பார்ப்பது அதற்குச் செய்யும் மரியாதை என்றுதான் நான் நினைக்கிறேன்.

படி 5: யாரோடு ஒப்பிட்டார்கள்?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது. டெங்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்தச் சிறப்பு மருந்தும் இல்லாமல் ஒரு வாரம், பத்து நாளில் தேறிவிடுவார்கள். நான்காம் நாள் எதைக் குடித்தாலும் எட்டாம் நாள் தட்டணு ஏறியிருக்கும். “எங்க வீட்டுக்காரருக்குக் கொடுத்தோம், அடுத்த நாளே ஏறுச்சு” என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்து கொடுத்து, இன்னொரு குழுவுக்குக் கொடுக்காமல் ஒப்பிடுகிறார்கள்.

ஒப்பீடு சரியில்லாவிட்டால் படித்தவர்களும் ஏமாறுவார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கோவிடுக்கு உதவுமா என்று பார்த்த ஓர் ஆய்வு 2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து வந்தது. அதில் குலுக்கல் இல்லை. மருந்து எடுத்தவர்கள் 26 பேர். அவர்களில் ஆறு பேரைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். அந்த ஆறு பேரில் மூன்று பேர் தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தவர், ஒருவர் மருத்துவமனையை விட்டுப் போனவர், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தியவர். மீதி 20 பேரை வைத்துத்தான் மருந்து வேலை செய்கிறது என்றார்கள். உலகம் முழுக்க அந்த மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தது. அதே வருடம், கோவிட் மருந்துகளைக் குலுக்கல் முறையில் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி சோதனையில், மருந்து பெற்ற 1,561 பேரில் 27 சதவீதம் பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 சதவீதம் பேரும் 28 நாளுக்குள் இறந்தார்கள். மருந்தால் பலன் இல்லை. மார்செய் கட்டுரை 2024 டிசம்பரில்தான் இதழிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

படி 6: எதை அளந்தார்கள்? யாருக்குப் பொருந்தும்?

பப்பாளி இலைக்கு வருவோம். 2013இல் வெளியான மலேசிய ஆய்வில் 228 டெங்கு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மூன்று நாள் இலைச் சாறு கொடுத்தார்கள். சாறு குடித்தவர்களுக்குத் தட்டணு கூடுதலாக ஏறியது. யாருக்குச் சாறு, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. அதை ஒரு குறையாகச் சொல்லலாம். ஆனாலும் ஃபார்வர்டில் வரும் “வெளிநாட்டு விஞ்ஞானிகள்” என்பதற்கு இப்படி ஒரு அடிப்படை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவர்கள் அளந்தது தட்டணுவை. நமக்குக் கவலை உயிரைப் பற்றி. தட்டணு ஏறினால் ஆள் பிழைப்பார் என்பது உண்மையா? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், தட்டணு 20 ஆயிரமோ அதற்குக் கீழோ போன 372 பெரியவர்களிடம் நடந்தது, 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. ஒரு குழுவுக்கு ரத்த வங்கியிலிருந்து தட்டணுக்களையே நேராக ஏற்றினார்கள். ஏற்றியவர்களில் 21 சதவீதம் பேருக்கும், ஏற்றாதவர்களில் 26 சதவீதம் பேருக்கும் ரத்தக்கசிவு இருந்தது. தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய வித்தியாசம்தான் அது. பக்கவிளைவுகளோ ஏற்றியவர்கள் பக்கம் 13, மறுபக்கம் 2. ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்குத் தட்டணுவை நேராக ஏற்றியே பெரிய பலன் கிடைக்கவில்லை என்றால், சாறு அதைக் கொஞ்சம் ஏற்றுகிறதா இல்லையா என்று நாம் ஏன் இவ்வளவு சண்டை போடுகிறோம்? ரிப்போர்ட்டில் எண் இறங்கியதைப் பார்த்து “ஏற்றுங்க டாக்டர்” என்று நெருக்கும் உறவினர்களுக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது.

யாருக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. அதே ரெக்கவரி சோதனையில், வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை அது 41 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாகக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலன் தெரியவில்லை. இறப்பு 14 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீதம் என்று, கெடுதல் இருக்கலாம் என்ற பக்கமே சாய்ந்தது. “ஸ்டீராய்டு உயிரைக் காக்கும்” என்ற செய்தி மட்டும் தனியாக வாட்ஸ்அப்பில் ஓடியது. 2021 இரண்டாம் அலையில் வீட்டிலேயே ஸ்டீராய்டு எடுத்தவர்கள் ஏராளம். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் தேவையில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்ததுதான் அப்போது பரவிய கறுப்புப் பூஞ்சை நோய்க்கு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். உண்மையான ஆய்வு முடிவாக இருந்தாலும் “யாருக்கு, எந்தக் கட்டத்தில்” என்பது உதிர்ந்துபோனால் அது தவறான செய்தியாகிவிடும்.

படி 7: கட்டுரை இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள்

பப்மெட்டில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையின் மேல் அந்த அறிவிப்பு தெளிவாகப் போட்டிருக்கும். அதையும், அதற்குப் பிறகு பெரிய ஆய்வு ஏதாவது வந்ததா என்பதையும் பாருங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்புரைகள் இருந்தால் அதைப் படிப்பது சுலபம். எளிய நடையில் சுருக்கம் இருக்கும். புகழ்பெற்ற இதழ் என்பதற்காக மட்டும் நம்ப வேண்டாம். 2020 மே 22இல் லான்செட்டில் வந்த, ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்து என்று சொன்ன கட்டுரை, அதன் தரவுகளைச் சரிபார்க்கவே முடியாமல் ஜூன் 4இல் திரும்பப் பெறப்பட்டது. நமக்குப் பிடித்த முடிவைச் சொன்ன கட்டுரையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

படி 8: உண்மையான எச்சரிக்கை ஊதிப் பெருப்பதைக் கவனியுங்கள்

பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசி போட்டிருந்தார்கள். 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே, முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் டெங்கு வந்தால் நோய் கடுமையாகலாம் என்று அறிவித்தது. உண்மையான, முக்கியமான எச்சரிக்கை அது. ஆனால் சில மாதங்களில் அது “தடுப்பூசி என்றாலே ஆபத்து” என்று மாறிவிட்டது. தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் 2015இல் 93 சதவீதம் இருந்தார்கள். 2018இல் 32 சதவீதமாகச் சரிந்தார்கள். 2019இல் அங்கே தட்டம்மை பெரிதாகப் பரவியது. ஒரு ஊசிக்குச் சொன்னதை எல்லா ஊசிக்கும் நீட்டுகிறார்களா என்று பாருங்கள். அதிகாரிகள் இதை மூடி மறைக்காமல் முதல் நாளே எளிய மொழியில் விளக்குவதும் அதே அளவு முக்கியம்.

படி 9: பதில் சொல்லும் விதம்

குழுவில் எல்லோர் முன்னாலும் “பெரியப்பா, இது பொய்” என்று போட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அடுத்த முறை அவர் நம்மிடம் கேட்கவும் மாட்டார். தனியாக எழுதுங்கள்:

“பெரியப்பா, நீங்க அனுப்பினதைப் பார்த்தேன். பப்பாளி இலை தட்டணுவை ஏத்தலாம்னு ஒரு ஆய்வு நெஜமாவே இருக்கு. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு போட்டிருக்கிறதுதான் பயமா இருக்கு. காய்ச்சல் விடற அன்னைக்குத்தான் டெங்குல ஆபத்தாம். குரூப்ல அந்த வரியை மட்டும் நீங்களே சொல்லித் திருத்திடறீங்களா? நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”

சரியாக இருப்பதை ஒப்புக்கொண்டு, ஆபத்தான துண்டை மட்டும் பிரித்துக் காட்டி, திருத்தும் வாய்ப்பை அவர் கையிலேயே கொடுக்கும்போது அவருக்கு மரியாதை குறைவதில்லை. பொய்ச் செய்தியைத் திருத்துவதற்காக அதே படத்தை மறுபடி போடாதீர்கள். சிலர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே அனுப்பிவிடுவார்கள்.

இதைவிடப் பலன் தருவது, மழை தொடங்கும்போதே குழுவில் நாம் முந்திக்கொள்வது. கீழே இருப்பதை அப்படியே நகலெடுத்துப் போடலாம்:

“காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். புரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் ரத்தப் பரிசோதனை. கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். அடிக்கடி கொடுங்கள். கஷாயம் கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் இறங்கிய பிறகும் இரண்டு நாள் கவனம்: வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, சில்லிட்ட கை கால், சிறுநீர் குறைவது — எது வந்தாலும் உடனே மருத்துவமனை. சந்தேகம் கேட்க 104, ஆம்புலன்ஸுக்கு 108.”